பெரும்பாடு

எங்கள் ஊர்க் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. (திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள் சர்ச்சைக் கோயில் என்றும் பாஸ்டரை ஐயர் என்றும்தான் சொல்வோம். சென்னைக்கு வந்த புதிதில் இதைச் சொல்லிப் பலரைக் குழப்பியிருக்கிறேன்.) அன்றைக்குப் பெண்கள் வெள்ளைச் சேலை கட்டி வருவார்கள். சட்டமெல்லாம் கிடையாது, வழக்கம். பெஞ்சு பெஞ்சாக எழுந்துபோய், பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு, தலை குனிந்தபடி திரும்புவார்கள்.

அம்மாவுக்கு மூன்றாவது பெஞ்சு. பல வருடங்களாக அதே இடம். 2009இல் அவள் கடைசி பெஞ்சுக்கு, வாசலை ஒட்டிய ஓரத்துக்கு மாறினாள். முதல் ஞாயிறுகளில் எல்லோரும் எழுந்து போகும்போது அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். கட்டியிருந்ததும் வெள்ளைச் சேலை இல்லை, அடர்த்தியான அரக்குக் கலர். எனக்கு அப்போது 23 வயது, சென்னையில் முதல் வேலை. லீவில் வந்தபோது கேட்டேன். "முட்டு மடக்க முடியலட்டி" என்றாள். அடுத்த முறை வரும்போது நீ-கேப் வாங்கி வந்தேன். அதை அவள் ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

உண்மை தெரிய 15 வருடம் ஆனது. அதுவும் எனக்கு ஒரு தேவை வந்ததால். 38 வயதில் என் மாதக் கணக்கு தாறுமாறாகிவிட்டது. 22 நாளில் வரும், பிறகு 40 நாள் வராது. இரவு மூன்று மணிக்கு முழிப்புத் தட்டும், கழுத்தெல்லாம் வேர்த்திருக்கும். சில நாள் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வார்த்தை காணாமல் போகும். டாக்டர் ரத்தம் எடுத்து, தைராய்டு பார்த்து, ஸ்கேன் பார்த்துவிட்டு, "பெரிமெனோபாஸ் ஆரம்பமா இருக்கலாம். சிலருக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரும். அம்மாவுக்கு எப்போ நின்னுச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

போனில் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"49ல நின்னுச்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணரை வருஷம் படாதபாடு பட்டேன். எப்ப வரும், எப்ப நிக்கும்னே தெரியாது. வந்தா கொட்டும். துணி நாலு வச்சாலும் நிக்காது."

"2009லயா?"

"ஆமா. முட்டு வலியெல்லாம் ஒண்ணுமில்லட்டி. அங்க போய் முழங்கால் போட்டு எந்திரிக்கும்போது வெள்ளைச் சேலைல பட்டுட்டா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டில் தனியாகத்தான் இருந்தாள் என்றாலும், "அதுமட்டுமில்ல. அதோட எப்படித் திருவிருந்து எடுக்கது?" என்றாள்.

"எடுக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? ஐயரா?"

"யாரும் சொல்லல. சொல்லணுமா?"

அந்த "சொல்லணுமா" என்னை விடவில்லை. எங்கள் சபையில் அப்படி ஒரு விதியே கிடையாது. ஜெபப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது. அக்கம்பக்கத்திலிருந்து, பாட்டிமார் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த தீட்டுப் பழக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதில் பாதி உண்மை. ஆனால் கிறிஸ்தவத்துக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு 1,700 வருடத்துக்கு மேற்பட்ட ஒரு சண்டை இருக்கிறது. அந்தச் சண்டை முழுக்க ஒரே ஒரு பெண்ணைச் சுற்றி நடந்திருக்கிறது. பெயர் தெரியாத ஒரு பெண்.

*

பழைய தமிழ் வேதாகமத்தில் அவள் "பெரும்பாடுள்ள ஸ்திரீ". சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையை நாடகமாகப் போட்டிருக்கிறோம். நான்தான் அந்த ஸ்திரீ. பெரும்பாடு என்றால் ஏதோ பெரிய கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி தள்ளாடி நடந்தேன். டீச்சர் திருத்தவில்லை. பெரும்பாடு என்பது சித்த மருத்துவத்தில் மாதவிடாயின்போது அளவுக்கு மீறி ரத்தம் போவதற்கான பெயர் என்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மொழிபெயர்த்தவர்கள் எவ்வளவு துல்லியமான சொல்லைப் பிடித்திருக்கிறார்கள்! இங்கிலீஷ் பைபிள் மூடி மறைத்துச் சொல்வதைத் தமிழ் நேராக நோயின் பெயரிட்டே சொல்கிறது. ஆனாலும் எங்களில் யாருக்கும் அது உறைக்காமல் பார்த்துக்கொண்டோம்.

கதை மூன்று நற்செய்திகளில் வருகிறது. மாற்குவில் 10 வசனம், லூக்காவில் 6, மத்தேயுவில் 3. தொழில் புத்தி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிஃப் எடுத்துப் பார்த்தேன். மாற்குதான் முந்தியது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. மாற்கு ஒன்றையும் விடவில்லை. 12 வருடம் ரத்தப்போக்கு, பல வைத்தியர்களிடம் போய் அவஸ்தைப்பட்டாள், கையிலிருந்த எல்லாவற்றையும் செலவழித்தாள், குணமாகவில்லை, இன்னும் மோசமானது. மத்தேயு வைத்தியர்களை மொத்தமாக நீக்கிவிடுகிறார். லூக்கா சூதானமாக, யாராலும் அவளைக் குணமாக்க முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மோசமானது என்ற பகுதியைக் காணோம். லூக்கா ஒரு வைத்தியர் என்பது சபை மரபு. சொந்த டீமின் பக்-ரிப்போர்ட்டை எப்படி எழுதுவோம் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

அவள் வயது என்ன என்று எங்கும் இல்லை. ஆனால் மாற்கு இந்தக் கதையை இன்னொரு கதைக்கு நடுவில் செருகி வைத்திருக்கிறார். ஜெப ஆலயத் தலைவனான யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள், இயேசு அவசரமாக அங்கே போய்க்கொண்டிருக்கிறார், வழியில்தான் இவள் பின்னாலிருந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். அந்த மகளுக்கு வயது 12. இவளுக்கு நோய் 12 வருடம். அந்தக் கால வழக்கப்படி கல்யாண வயதை நெருங்குகிற ஒரு சிறுமி, ரத்தம் நிற்காத ஒரு பெண். அவளை நான் அம்மாவின் அப்போதைய வயதில் வைத்துத்தான் பார்க்கிறேன். 47. ஆதாரம் கேட்டால் கிடையாது.

அவள் தொட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். மாதவிடாய்க்கு ஏழு நாள் தீட்டு. ஆனால் காலமல்லாத காலத்தில் ரத்தம் போனால், போகிற நாள் முழுக்கத் தீட்டு. அவள் படுக்கிற படுக்கை, உட்காருகிற இடம், அதைத் தொடுகிறவர்கள் எல்லோருக்கும் சாயங்காலம் வரை தீட்டு. அன்றைய கலிலேயாவில் இதை எத்தனை பேர் எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. யூதச் சட்டத்தை வில்லனாக்கிக் கதை சொல்வது கிறிஸ்தவப் பிரசங்கங்களில் ஒரு பழைய கெட்ட பழக்கம், நான் அதைச் செய்யப் போவதில்லை. ஏனென்றால் பிறகு வந்த கிறிஸ்தவர்கள் செய்தது அதைவிடச் சிக்கலானது.

*

3ஆம் நூற்றாண்டு. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் டயோனிசியஸ் என்று ஒரு பிஷப். பசிலிடஸ் என்ற இன்னொரு பிஷப் அவருக்குச் சில சந்தேகங்களை எழுதிக் கேட்கிறார். அதில் ஒன்று, மாதவிடாயிலிருக்கும் பெண்கள் தேவாலயத்துக்குள் வரலாமா? டயோனிசியஸின் பதிலைப் படித்தபோது எனக்கு வியர்த்தது, இந்தமுறை ஹார்மோனால் அல்ல. இதைக் கேட்பதே தேவையில்லாதது என்கிறார். விசுவாசமும் பக்தியும் உள்ள பெண்கள் அந்த நிலையில் பரிசுத்த மேசையை நெருங்கத் துணியவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன், 12 வருடம் ரத்தப்போக்கு இருந்தவள்கூட அவரைத் தொடவில்லை, வஸ்திரத்தின் ஓரத்தைத்தானே தொட்டாள் என்கிறார். ஜெபம் பண்ணலாம், அதற்குத் தடையில்லை. மேசைக்கு மட்டும் வர வேண்டாம்.

"யாரும் சொல்லல. சொல்லணுமா?" அம்மா சொன்னது அப்படியே இதுதான். டயோனிசியஸ் என்ற பெயரை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஏறக்குறைய அதே நூற்றாண்டில் சிரியாவில் வேறொரு சபை ஒழுங்குப் புத்தகம் உருவாகிறது. பெயர் டிடாஸ்காலியா. கிரேக்கத்தில் எழுதப்பட்டு, முழு வடிவில் சிரியாக் மொழிபெயர்ப்பில் தப்பிப் பிழைத்தது. அதன் கடைசிப் பகுதியில், மாதவிடாய் நாட்களில் தாங்களாகவே ஜெபத்திலிருந்தும் வேதம் படிப்பதிலிருந்தும் நற்கருணையிலிருந்தும் ஒதுங்கிக்கொண்ட பெண்களிடம் அது நேராகப் பேசுகிறது. அந்த ஏழு நாள் பரிசுத்த ஆவி உங்களை விட்டுப் போய்விடும் என்றா நினைக்கிறீர்கள்? ஞானஸ்நானத்தில் வந்த ஆவி மாதாமாதம் போய்த் திரும்பி வருமா? அப்படிப் போனால் அந்த இடைவெளியில் உள்ளே வேறு எது வந்து உட்காரும் என்று யோசித்தீர்களா? ஆசிரியர் கொஞ்சம் கோபக்காரர்தான். பிறகு அவரும் நம் ஆளையே சாட்சிக்கு அழைக்கிறார். ரத்தப்போக்குள்ளவள் வந்து தொட்டபோது அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லையே, நீங்கள் ஏன் ஒதுங்குகிறீர்கள், மற்றவர்கள் ஏன் ஒதுக்குகிறீர்கள்?

ஒரே பெண், ஒரே ஓரம். ஒருவருக்கு அவள் ஓரத்தை மட்டும் தொட்டாள். இன்னொருவருக்கு அவள் தொட்டும் திட்டு வாங்கவில்லை. எது ஜெயித்தது என்று கேட்டால், டயோனிசியஸின் கடிதம் கீழைச் சபைகளின் சட்டத் தொகுப்பில் ஏறி உட்கார்ந்தது. டிடாஸ்காலியாவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

மேற்கே 601ஆம் ஆண்டில் அதே கேள்வி மறுபடி எழுகிறது. ரோமிலிருந்து இங்கிலாந்துக்கு மிஷனரியாகப் போன அகஸ்டின் (தன்வரலாறு எழுதிய பழைய அகஸ்டின் வேறு, இவர் கேன்டர்பரிக்காரர்) போப் முதலாம் கிரகோரிக்குக் கேள்விப் பட்டியல் ஒன்று அனுப்புகிறார். கிரகோரியின் பதில்கள் பீட் என்ற துறவி 731இல் முடித்த இங்கிலாந்துச் சபை வரலாற்றில் இருக்கின்றன. இது உண்மையிலேயே கிரகோரி எழுதியதா என்று ரொம்ப காலம் வழக்கு நடந்தது. அவருடையதே என்பதுதான் இப்போது பெரும்பாலோர் முடிவு.

கிரகோரி அழகாக ஆரம்பிக்கிறார். மாதவிடாய் குற்றமல்ல, இயற்கை. பசி, தாகம், களைப்பு மாதிரி அதுவும் உடம்பின் பலவீனம். நோயில் தொட்டவள் செய்தது சரி என்றால், இயற்கையாக வருவதைச் சுமக்கிறவளை ஏன் தடுக்க வேண்டும்? தேவாலயத்துக்கு வரலாம், நற்கருணை எடுக்கலாம், யாரும் தடுக்கக் கூடாது. இதுவரை நான் கைதட்டிக்கொண்டே படித்தேன். அடுத்த வரியில் வந்தது அடி. ஆனால் ஒரு பெண் மிகுந்த பயபக்தியால் தானாகவே எடுக்காமல் விலகியிருந்தால் அவள் பாராட்டத்தக்கவள். ஏனென்றால், குற்றமில்லாத இடத்திலும் குற்றத்தை உணர்வது நல்ல மனங்களின் இயல்பு.

கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வராதவளுக்குப் பரிசு அறிவிக்கிற வேலை இது. தடை என்றால் எதிர்த்துச் சண்டை போடலாம், டிடாஸ்காலியா போட்டது. பாராட்டை எதிர்த்து எப்படிச் சண்டை போடுவது? நல்லவள் என்று பெயர் வாங்குவதற்காகவே வளர்க்கப்பட்ட ஒரு பெண், கடைசி பெஞ்சுக்குத் தானாகவே போய்விடுவாள். அதற்குப் பிறகு அதே கேன்டர்பரியில் 668இலிருந்து 690 வரை பேராயராக இருந்த தியோடரின் பெயரில் வழங்கும் தண்டனைத் தொகுப்பு சுற்றி வளைக்கவில்லை. மாதவிடாயில் கோயிலுக்குள் வராதே, மீறி வந்தால் மூன்று வாரம் உபவாசம், கன்னியாஸ்திரியானாலும் சரி. தியோடரிடம் ஒரு நேர்மை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதை மறைக்கப் போவதில்லை.

*

ஆண்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்த இந்தக் காலத்தில் பெண்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் எழுத்து அதிகம் மிஞ்சவில்லை, சில பொருட்கள் மிஞ்சியிருக்கின்றன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் பைசாந்தியக் காலத்துத் தாயத்து ஒன்று உண்டு. ஹேமடைட் கல்லில் செதுக்கியது. ஹேமடைட் என்ற பெயரே கிரேக்கத்தில் ரத்தம் என்ற சொல்லிலிருந்து வந்தது. தேய்த்தால் சிவப்பாகக் கரையும், ரத்தத்தை நிறுத்தும் என்று நம்பினார்கள். அந்தக் கல்லின் மேல் குனிந்து தொடுகிற அதே பெண்ணின் உருவம், சுற்றிலும் மாற்குவின் வார்த்தைகள். யார் கழுத்தில், எந்த வயதில் அது கிடந்திருக்கும்? பிரசங்கம், சட்டம், பாராட்டு எல்லாவற்றையும் தாண்டி, ஏதோ ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்க வேண்டியிருந்தது.

சபை வரலாற்றை முதலில் எழுதிய யூசேபியஸ் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொன்றைச் சொல்கிறார். இன்றைய கோலான் குன்றுகளில் இருக்கும் பானியாஸில் அவளுடைய வீடு என்று ஒன்றைக் காட்டினார்களாம். அதன் வாசலில் வெண்கலச் சிலை, ஒரு பெண் மண்டியிட்டுக் கைகளை நீட்டுகிறாள், எதிரே நிற்கிற ஆண் அவளை நோக்கிக் கை நீட்டுகிறார். அவர் காலடியில் முளைத்த ஒரு செடி அவருடைய வஸ்திரத்தின் ஓரம் வரை வளர்ந்திருந்தது, எல்லா நோய்க்கும் அது மருந்து என்று ஊரார் சொன்னார்கள். யூசேபியஸ் அந்தச் சிலையைத் தன் கண்ணால் பார்த்ததாகவே எழுதுகிறார். அது வேறு ஏதோ பேரரசனின் சிலையாகவோ, மருத்துவத் தெய்வம் அஸ்கிலேப்பியஸாகவோ இருந்திருக்கும் என்பது இன்றைய ஊகம். இருக்கட்டும். வைத்தியர்களிடம் எல்லாவற்றையும் இழந்தவள் வாசலில் மருந்துச் செடியை முளைக்க வைத்த அந்த ஊர்ப் பெண்களின் கற்பனை எனக்குப் பிடித்திருக்கிறது.

*

இந்தக் கேள்வியைப் பற்றித் தன் பெயரோடு எழுதிய ஒரு பெண்ணைத் தேடி நான் 12ஆம் நூற்றாண்டுக்கு வந்தேன். ஜெர்மனியின் ரைன் நதிப் பக்கத்து ஹில்டெகார்ட். 1098இல் பிறந்தவர். சிறுமியாகவே பெற்றோரால் கடவுளுக்கு நேர்ந்துவிடப்பட்டவர். தனக்குக் கட்டளை எப்போது வந்தது என்பதை மிகச் சுத்தமாகப் பதிவு செய்கிறார். 1141, அப்போது வயது 42 வருடம் ஏழு மாதம். வானம் திறந்து நெருப்பான ஒளி தலைக்குள் பாய்ந்து நெஞ்சைச் சூடாக்கியது, பார்ப்பதையும் கேட்பதையும் எழுது என்ற குரல் வந்தது என்கிறார். எழுதப் பயந்து, மறுத்து, நோயில் விழுந்து, பிறகுதான் எழுத உட்கார்ந்தார். முடிக்கப் பத்து வருடம் ஆனது. ஸ்கிவியாஸ் என்பது அந்த நூல்.

42, உடம்பில் சூடு, தூக்கமில்லாமை, நோய். இதைப் படித்ததும் பெரிமெனோபாஸ் என்று சொல்ல என் விரல் துடித்தது. அவருடைய காட்சிகள் எல்லாம் மைக்ரேன் என்று சார்லஸ் சிங்கர் சொன்னார், ஆலிவர் சாக்ஸும் அதை ஏற்றார். 800 வருடத்துக்கும் முன்னால் செத்துப்போன பெண்ணுக்கு டயக்னோசிஸ் எழுதுவது மலிவான பொழுதுபோக்கு என்று தோன்றி விட்டுவிட்டேன். உடம்பைப் பற்றி அவரே என்ன எழுதினார் என்று பார்ப்பது அதைவிட மரியாதை.

எழுதியிருக்கிறார். நோய்க் காரணங்களும் சிகிச்சைகளும் என்று அவர் பெயரில் வழங்கும் மருத்துவ நூல் (எவ்வளவு பகுதி அவருடையது என்று விவாதம் உண்டு) பெண்ணுக்கு மாதவிடாய் எந்த வயதில் நிற்கும் என்று சொல்கிறது. 50 வயதிலிருந்து, சிலருக்கு 60இலிருந்து. கர்ப்பப்பை சுருங்கி மடங்கத் தொடங்குவதால் நிற்கிறது என்கிறது. சாபம், தண்டனை என்ற பேச்சு அந்த இடத்தில் இல்லை. மரம் இலை உதிர்ப்பதைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறது. (50 என்பது அவருக்குச் சரி. இந்தியப் பெண்களுக்குச் சராசரி 46, 47 என்கிறார்கள்.)

ஸ்கிவியாஸில் கோயிலுக்குள் வரும் கேள்வியையும் அவர் விடவில்லை. கடவுளின் குரலாகவே பதில் வருகிறது. மாதவிடாயில் இருக்கும் பெண்ணை நான் அருவருப்பதில்லை, அவள் விசுவாசத்தோடு என் ஆலயத்துக்குள் வரட்டும். வரக் கூடாதவன் வேறொருவன். சண்டை போட்டுக் காயம்பட்டு ரத்தம் வடிய நிற்கிற ஆண். அவன் வெளியே நிற்கட்டும், ஏனென்றால் ஆபேலை அவன் அண்ணன் கொன்றபோது அசுத்தமானது கடவுளின் ஆலயம். இந்த இடத்தைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்து, பால்கனியில் கொஞ்ச நேரம் நின்றேன். ரத்தம் எல்லாம் ஒன்றல்ல என்று சொல்ல ஒரு பெண் வர வேண்டியிருந்தது.

ஹில்டெகார்டைப் புரட்சிக்காரி ஆக்க எனக்கு ஆசை இல்லை. பெண் ஆணைவிடப் பலவீனமானவள் என்று நம்பியவர் அவர். பிரபுக் குடும்பத்துப் பெண்களை மட்டுமே தன் மடத்தில் சேர்த்தார், கேட்டவர்களுக்குச் சாதிக்காரர்கள் பேசுகிற அதே தொனியில் நியாயமும் சொன்னார். ஆனால் அவருடைய பின்பாதி வயதைப் பாருங்கள். 50ஐ ஒட்டிய வயதில், ஆண்கள் மடத்தின் நிழலிலிருந்து தன் பெண்களைக் கூட்டிக்கொண்டு ரூப்பர்ட்ஸ்பெர்க் என்ற இடத்துக்குப் போய்த் தனி மடம் கட்ட வேண்டும் என்றார். மடத்தலைவர் கூனோ மறுத்தார். ஹில்டெகார்ட் படுத்த படுக்கையானார். தலைவர் நேரில் வந்து தூக்கிப் பார்த்தும் அசைக்க முடியவில்லை, பாறை மாதிரிக் கிடந்தார் என்கிறது அவருடைய வாழ்க்கை வரலாறு. கடைசியில் போகச் சொல்லிவிட்டார்கள். எழுந்து போய்விட்டார். 60ஐ ஒட்டிய வயதில் ஊர் ஊராகப் பிரசங்கம். 1179இல் இறக்கும்போது வயது 81.

நாற்பதுகளுக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால், "பிள்ளைகளுக்குக் கல்யாணம்" என்பார்கள்.

*

மெனோபாஸ் என்ற சொல் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் த கார்தான் 1816இல் ஒரு வடிவத்தில் உருவாக்கி, 1821இல் இன்றைய வடிவத்துக்குச் சுருக்கினார். நிற்பதற்கு முந்தைய வருடங்களுக்குத் தனிப் பெயரும் படிநிலைகளும் பரவலானது அதற்கும் வெகு பின்னால். 2001இல்தான் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் கூடிய நிபுணர்கள் அந்தப் படிநிலைகளை வரையறுத்தார்கள். அம்மாவுக்கு நடந்ததன் விளக்கம் நான்கு வரிதான். அந்த வயதில் மாதாமாதம் முட்டை வெளிப்படுவது தவற ஆரம்பிக்கும். தவறுகிற மாதத்தில் புரொஜெஸ்டிரோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் கர்ப்பப்பையின் உள்வரியைத் தடித்துக்கொண்டே போக வைக்கும். ஒருநாள் அது மொத்தமாக உடைந்து கொட்டும். வேறு காரணங்களும் இருக்கலாம், கட்டி, அரிதாகப் புற்று. அதனால்தான் சோதித்தே ஆக வேண்டும்.

அம்மா சோதிக்கவில்லை. அவளுக்குச் சோர்வு, படி ஏறினால் மூச்சு வாங்கியது, அரிசியைப் பச்சையாக மெல்ல ஆரம்பித்தாள். வீட்டில் நாங்கள் சிரித்தோம். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஜெபம் பண்ணுவாள். அப்பா அதைச் சபையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்திருந்தவளை நாங்கள் பக்தி வீராங்கனை ஆக்கினோம். கிரகோரியைத் திட்டுவது எனக்குச் சுலபம், நானும் அப்பாவும் செய்தது அதேதான், பாராட்டினோம்.

"யார்ட்டயாவது சொன்னியா அப்ப?" என்று போனில் கேட்டேன்.

ஐயரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்போதிருந்த ஐயரின் மனைவி. வழக்கமாக முன்வரிசையில் உட்காருகிறவர், ஒரு முதல் ஞாயிறு கடைசி பெஞ்சில் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் எழுந்து போனபோது அவரும் போகவில்லை. ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, "எத்தனை மாசமா?" என்று மட்டும் கேட்டாராம். முட்டு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. கோயில்குட்டி வந்து ஜன்னலையெல்லாம் அடைச்சிட்டு, எங்களப் பாத்துட்டு வாசல்ல உக்காந்திருந்தான்."

அடுத்த நாள் இருவரும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 6.2. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். எனக்குச் சொன்னது, "கொஞ்சம் ரத்தம் கம்மியாம், மாத்திரை குடுத்திருக்கு." ஸ்கேன், திசுச் சோதனை, புற்று இல்லை. ஆறு மாதம் மாத்திரை, இரும்புச் சத்து. பக்கத்து வீட்டு அக்கா, "எடுத்துருங்க, தொல்ல விட்டது" என்று கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னார். டாக்டர் தேவையில்லை என்றார். 49இல் தானாக நின்றது.

இந்த வருடம் ஊருக்குப் போயிருந்தபோது, நான் சேர்த்து வைத்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். டயோனிசியஸை அவளுக்குப் பிடிக்கவில்லை. டிடாஸ்காலியாவை, "யாரு அவரு, நல்லா ஏசிருக்காரே" என்றாள். ஹில்டெகார்ட் படுத்துக்கொண்ட கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். கிரகோரியிடம் வந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு அவளுக்கு முக்கியமாகப் பட்ட இடத்தைச் சொன்னாள், நான் படித்த எதிலும் அது இல்லை.

இயேசு திரும்பிப் பார்த்து யார் தொட்டது என்று கேட்டதும், அந்தப் பெண் நடுங்கிக்கொண்டு வந்து எல்லா உண்மையையும் அவரிடம் சொன்னாள் என்று மாற்கு எழுதுகிறார்.

"12 வருஷக் கதைய ஒரு நிமிஷத்துலயா சொல்லிருப்பா?" என்றாள் அம்மா. "முதல்ல எந்த வைத்தியன்ட்ட போனா, அவன் என்ன குடுத்தான், எந்த நகைய வித்தா, எல்லாந்தான சொல்லிருப்பா. அந்த யவீரு பாவம். மக சாகக் கெடக்கா. பக்கத்துல நின்னு துடிச்சிருப்பான். இவரு நின்னு கேட்டுட்டு இருக்காரு."

கேட்டுவிட்டுத்தான் அவளை மகளே என்று கூப்பிடுகிறார். நற்செய்திகளில் இயேசு ஒரு தனிப் பெண்ணை அப்படிக் கூப்பிடுவது இவளை மட்டும்தான். நான் அதைச் சொல்லப் போனேன். அம்மா அதற்குள் அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தாள்.

"உனக்கு இந்த மாசம் வந்துச்சா?"

"41 நாள் ஆச்சு."

"தூங்குதியா?"

"இல்ல."

"சரி, முதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.